கைமாற்றுவதற்கு முன் ஒரு பென்டாக்ஸ் கே1000

1976-ல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த கேமரா பென்டாக்ஸ் கே1000. அதில் தானியங்கி எதுவும் கிடையாது, செல்ஃப் டைமர்கூட இல்லை. ஷட்டர் வேகம் (ஃபிலிமில் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும்), அப்பர்ச்சர் (லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும்), ஃபோகஸ் மூன்றையும் நாமே திருப்ப வேண்டும். அதனாலேயே புகைப்படம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைத்தான் வாங்கச் சொல்வார்கள். பேட்டரி இல்லாமலேயே படம் எடுக்கும். பேட்டரி வேண்டியது வெளிச்சத்தை அளந்து காட்டும் லைட் மீட்டர் முள்ளுக்கு மட்டும்தான், அது வியூஃபைண்டருக்கு (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) உள்ளே இருக்கிறது.

இருபதுகளில் இந்தக் கேமராவோடுதான் திரிந்தேன். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆகப்போகிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆகவில்லை. அதில் பெரிய சோகக் கதையும் இல்லை. வேறு வேலை கிடைத்தது, அது பிடித்தும் போனது. கேமரா மட்டும் தோல் உறைக்குள் அலமாரியில் உட்கார்ந்துகொண்டது. அலமாரியை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் எடுப்பேன், பார்ப்பேன், வைத்துவிடுவேன். படம் எடுப்பதற்காக அதை வைத்திருக்கவில்லை. "நானும் ஒரு காலத்துல..." என்று நான் ஆரம்பிக்கும் பேச்சுக்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

கூட வேலை பார்ப்பவரின் மகள் ஃபிலிமில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளப் போகிறாள், பழைய கேமரா தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் "இந்தா, நீயே ரிப்பேர் பார்த்துக்கொள்" என்று நீட்டுவது தானம் இல்லை, குப்பையைக் கைமாற்றுவது. முதல் ரோலிலிருந்தே ஒழுங்காகப் படம் விழ வேண்டும். இன்னொன்று, என் பழங்கதையும் சேர்ந்து அவள் கழுத்தில் தொங்கக் கூடாது. முதல் வேலைக்குக் கருவிகள் இருந்தன. இரண்டாவதை எப்படிச் செய்வதென்று போகப்போகத்தான் பிடிபட்டது.

(உள்ளே பாதி எடுத்த ஃபிலிம் ஏதாவது இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. காலி.)

முதலில் தோல் உறை. கேமராவை வருடக்கணக்கில் மூடி வைக்க இதைவிட மோசமான இடம் கிடையாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளே இருட்டு, காற்றோட்டமும் இல்லை. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? திறந்ததும் வந்த வாசனை என்னை ஒரு நிமிஷம் எங்கேயோ கொண்டுபோனது உண்மைதான். ஆனால் அந்த வாசனையே பூஞ்சையின் வாசனை. உறையைக் கொடுக்கப்போவதில்லை, வைத்துக்கொள்ளப்போவதும் இல்லை என்று அப்போதே வெளியே போட்டாகிவிட்டது.

அடுத்தது பேட்டரி. எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44 பட்டன் செல் ஒன்று அடியில் ஒரு மூடிக்குள் உட்காரும். நாணயத்தை வைத்துத் திருகினால் மூடி கழன்றுவிடும். உள்ளே பழைய அல்கலைன் செல் பொங்கி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. செல்லிலிருந்து கசிவது காரம், அதனால் வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். அப்புறம் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட வேண்டும். தொடுமுனை பளிச்சென்று ஆன பிறகும் புது செல் போட்டால் முள் அசையவில்லை. அப்படியானால் கோளாறு இன்னும் உள்ளே.

அடித்தகட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஜப்பானியக் கேமராக்களின் திருகுத் தலை பார்ப்பதற்கு நம் வழக்கமான பிளஸ் வடிவ ஃபிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரம். ஃபிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருப்பினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சரியான முனை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. தகட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பேட்டரி அறையிலிருந்து போகும் மெல்லிய கம்பி அதன் மேலுறைக்குள்ளேயே பச்சையாக அரித்துப்போய், தொட்டதும் பொடிந்தது. அரிப்பு இல்லாத இடம்வரை வெட்டிவிட்டுப் புதுக் கம்பியைச் சால்டர் செய்தேன். முள் எழுந்தது. சன்னலை நோக்கிப் பிடித்தால் மேலே, மேசைக்கு அடியில் பிடித்தால் கீழே.

இந்த மீட்டருக்குத் தனி ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடிதான் ஸ்விட்ச். மூடி போட்டிருந்தால் உள்ளே இருட்டு, மின்சாரம் ஏறக்குறைய போகாது. திறந்து வைத்தால் செல் தீர்ந்துகொண்டே இருக்கும். முள் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கப் பழைய கணக்கே போதும்: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 (ஃபிலிமின் ஒளியுணர்திறன்) என்றால் அப்பர்ச்சர் எஃப்/16, ஷட்டர் 1/125 நொடி. அப்படி வைத்து வெயில் விழும் சுவரைக் காட்டினேன், முள் நடுவில் நின்றது, அதாவது சரி.

இனி ஃபோம். அந்தக் காலத்துக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், பின்கதவின் ஓரங்களிலும், மிரர் (லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக இருக்கும் கண்ணாடி) படம் எடுக்கும்போது எழும்பி மோதும் இடத்திலும் கறுப்பு ஃபோம் ஒட்டியிருப்பார்கள். கதவு ஓரத்தில் இருப்பது வெளிச்சம் உள்ளே கசியாமல் தடுக்க. மேலே இருப்பது மிரர் தடதடக்காமல் தாங்கிக்கொள்ள. பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலிருக்கும் ஈரத்திலேயே நாளாக ஆக இற்றுப்போகும். சிலது பொடியாகும், சிலது தாராகும். என்னுடையது தார். விரலில் பட்டால் சோப்புக்கு அசையாது. ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் திரையில் பட்டால் கதை முடிந்தது.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஷட்டர் திரைமேல் அளவாக வெட்டிய காகிதம் ஒன்றை வைத்துவிட வேண்டும். திரை ரப்பர் பூசிய துணி, விரல்கூடப் படக் கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாகப் பள்ளத்தில் விட்டு, ஊறியதும் மரப் பல்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். உலோக ஊசி வேண்டாம், பெயின்ட் போய்விடும். கறுப்புப் போன இடத்தில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். பல்குச்சி முனை மழுங்க மழுங்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டுச் செய்கிற வேலை இல்லை. எனக்கு இந்தப் பகுதிதான் மொத்தத்திலும் பிடித்தது. கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், பள்ளத்தின் அடியில் அசல் கறுப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

மிரர் பகுதி கொஞ்சம் பதற்றமானது. மிரரின் வெள்ளிப் பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இல்லை, முன்பக்கத்திலேயே இருக்கிறது. துடைத்தால் கோடு விழும். அதற்கு மேலே இருக்கும் ஃபோகஸ் ஸ்க்ரீன் பிளாஸ்டிக். அங்கே ஆல்கஹால் வழிந்தால் அந்தக் கறையை வியூஃபைண்டரில் காலத்துக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்க்ரீன்மேல் ஒரு காகிதம், மிரர்மேல் ஒரு காகிதம், கேமராவின் வாய் தரையைப் பார்த்தபடி. பொடி உதிர்ந்தால் வெளியே விழட்டும்.

புது ஃபோம் 1.5 மில்லிமீட்டர், பின்னால் பசை உள்ளது. பட்டையாக வெட்டிப் பள்ளத்தில் வைத்தால் வைத்த இடத்திலேயே கோணலாக ஒட்டிக்கொள்ளும், நகராது. இதற்கு ஒரு வழி உண்டு: பசைப் பக்கத்தை எச்சிலால் நனைத்துக்கொள்வது. அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஈரம் இருக்கும்வரை பசை பிடிக்காது, பட்டையைப் பல்குச்சியால் தள்ளித் தள்ளி நேராக்கலாம். காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் தொடலாம், எச்சில் இன்னும் வழவழப்பு. குறுகலான பள்ளங்களுக்கு ஃபோமே வேண்டாம், கறுப்புக் கம்பளி நூல் போதும். நூல் இற்றுத் தாராகவும் ஆகாது. அடுத்தவருக்கு என் தலைவலி வராது.

லென்ஸ் 50 மில்லிமீட்டர் எஃப்/2. டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துச் சாய்த்துப் பார்த்தால் முன்கண்ணாடிக்கு உட்பக்கம் வெள்ளை இழைகள் கிளை பிரிந்து ஓடின. முன்னால் இருக்கும் பெயர் வளையத்தை ரப்பர் மூடி ஒன்றை அழுத்தித் திருப்பிக் கழற்றினேன். கழற்றும் ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போனில் படம் பிடித்துக்கொண்டே போவது நல்லது. கண்ணாடித் துண்டைத் தலைகீழாக மாட்டினால் உலகமே மங்கும். மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டுச் சுத்திகரிப்பு அம்மோனியாவும் சம அளவு கலந்து, பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தேன். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ப்ளீச் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது, அம்மோனியாவோடு சேர்ந்தால் விஷவாயு.

இழைகள் போய்விட்டன. ஆனால் ஓரமாக இரண்டு இடத்தில் தடம் நின்றது. பூஞ்சை வளரும்போது அமிலம் சுரக்கும், அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், அரித்தது அரித்ததுதான். சாதாரணப் படங்களில் இது தெரியவே தெரியாது. சூரியனை நேரே வைத்து எடுத்தால் கொஞ்சம் வெளிறலாம். இன்னும் தேய்த்தால் மிச்சப் பூச்சும் போகும் என்பதால் அதோடு விட்டேன்.

ஷட்டரை அளக்க இன்று தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, முன்னால் விளக்கு வெளிச்சம் பட்ட வெள்ளைச் சுவர், பின்னால் ஸ்லோ மோஷனில் போன். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போனில் ஒரு நொடி என்பது 240 ஃபிரேம், 1/8 என்பது 30, 1/30 என்பது 8. வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணினால் போதும். ஒரு நொடிக்கு வைத்தபோது 300-ஐத் தாண்டியது. பழைய மசகு கெட்டிப்பட்டிருந்தது. மெதுவான வேகங்களில் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தால் அது இளகும். மாலையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே அடித்தேன், வீட்டில் இருந்தவர்களின் பொறுமையைப் பற்றி இங்கே எழுதவில்லை. கடைசியில் 250-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. நெகட்டிவ் ஃபிலிமுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. "டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சுவிடு" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குக் கேமரா போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகமான ஷட்டர்களுக்குப் போன் போதாது, ஃபிலிமில்தான் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 100 ரோல் ஒன்று. நிழலில் இருக்கும் வெறும் சுவர். 1/1000 எஃப்/2, 1/500 எஃப்/2.8, 1/250 எஃப்/4 என்று ஒரே அளவு வெளிச்சம் விழும் ஜோடிகளாக இறங்கிக்கொண்டே வந்து 1/15 எஃப்/16 வரை. ஷட்டர் ஒழுங்காக இருந்தால் எல்லா நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். இருந்தன, ஒன்றைத் தவிர: 1/1000-ல் ஒரு ஓரம் மட்டும் வெளிறி இருந்தது (நெகட்டிவில் வெளிறினால் படத்தில் கறுக்கும்). துணித்திரைகள் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. அதற்கு ஸ்பிரிங் இழுவிசையைச் சரிசெய்ய வேண்டும். அளவுகருவி இல்லாமல் அதில் கை வைத்தால் நன்றாக இருக்கும் வேகங்களும் கெடும். 1/500 வரை போதும் என்று முடிவு செய்தேன். ரோலில் மீதியிருந்ததில் ஒரு அளவுகோலைச் சாய்வாக வைத்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து எடுத்தேன், வியூஃபைண்டரில் தெரிவதும் ஃபிலிமில் விழுவதும் ஒன்றுதானா என்று பார்க்க. ஒன்றுதான். ஆக, இந்தக் கேமராவில் நான் கடைசியாக எடுத்த படங்கள் ஒரு சுவரும் ஒரு அளவுகோலும். வேண்டுமென்றேதான். ரோல் முடியும் தறுவாயில் சன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. "கடைசிப் படம்" என்று ஒன்றை எடுத்துவிட்டால் அப்புறம் அதற்குச் சட்டம் போட்டு மாட்டத் தோன்றும். அளவுகோலே போதும்.

இப்போது இரண்டாவது வேலைக்கு வருகிறேன். கேமராவின் அடியில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. எழுத்துகளை அழுத்தி எடுப்போமே, அந்தப் பிளாஸ்டிக் பட்டை. அதில் எனக்கு நானே வைத்துக்கொண்ட புனைபெயர். படங்களுக்குக் கீழே அந்தப் பெயர்தான் அச்சாகும் என்று அப்போது ஏற்பாடு. அதை இங்கே எழுதமாட்டேன், கூச்சமாக இருக்கிறது. அடித்தகட்டைக் கழற்றியபோதெல்லாம் அந்தப் பட்டையைத் தொடாமல் சுற்றிச் சுற்றித்தான் வேலை பார்த்திருக்கிறேன். கம்பியை வெட்டிச் சால்டர் செய்யத் தயங்காத கை, ஒரு விரல் நீளப் பிளாஸ்டிக்குக்குத் தயங்கியது.

தலைமுடி உலர்த்தியின் சூட்டைக் காட்டினால் பசை இளகும். நகத்தால் ஒரு முனையைத் தூக்கி, தகட்டோடு ஒட்டினாற்போலச் சாய்வாக இழுக்க வேண்டும். நேரே மேலே இழுத்தால் பாதியில் முறியும். முழுதாக வந்தது. மீந்த பசையைப் பெட்ரோல் லைட்டர் திரவத்தால் துடைத்தேன். அதற்குக் கீழே இருந்த குரோம் மட்டும் புதுக் கேமராபோல மின்னியது. சுற்றிலும் மேசைகளில் உரசி உரசி மங்கிப்போன தகடு, நடுவில் செவ்வகமாக ஒரு பளபளப்பு. பெயர் போய்விட்டது, பெயர் இருந்த இடம் போகவில்லை. சுற்றியுள்ள இடத்தையும் பாலிஷ் போட்டு மறைத்திருக்கலாம். போடவில்லை. கழுத்துப்பட்டை வளையம் உரசிய கீறல்களையும், வலது கை பிடித்துப் பிடித்து வழவழவென்று தேய்ந்துபோன இடத்தையும் அப்படியே விட்டேன். அவை என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, கேமரா உழைத்தது என்று மட்டும் சொல்கின்றன. பழைய கேமரா என்றால் அப்படித்தான் இருக்கும்.

லேபிளை உரித்த பிறகு கேமராவை எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். 2017-ல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. நினைவுப் பொருட்களைத் தானம் செய்யும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்ட மாணவர்கள், சொல்லப்படாதவர்களைவிட அதிகமாகவே கொடுத்தார்களாம். பொருள் போனால் அதோடு தன் அடையாளத்திலும் கொஞ்சம் போய்விடும் என்ற பயம்தான் கையைக் கட்டிப் போடுகிறது என்பது அவர்கள் விளக்கம். எனக்கு அது பொருந்தியதா என்று கேட்டால், அரைகுறையாகத்தான். போனில் இருக்கும் படத்தை அப்புறம் நான் திறந்தே பார்க்கவில்லை. எனக்கு உதவியது அந்தக் காலத்தில் எடுத்த பழைய நெகட்டிவ்கள்.

அவற்றைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். கேமரா ஒரு கருவி. அது யார் கையிலும் அதே வேலையைச் செய்யும். அந்த வயதில் நான் எதைப் பார்த்து நின்றேன் என்பது நெகட்டிவில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும் கருவியைத் தோல் உறையில் பொத்தி வைத்துவிட்டு, அவற்றைப் பிவிசி உறைகளில் திணித்து வைத்திருந்தது வேடிக்கைதான். பிவிசி நாளாக ஆக வாயு விட்டு ஃபிலிமைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் உறைகள் வாங்கி மாற்றினேன். எதிலாவது வினிகர் வாசனை வருகிறதா என்று முகர்ந்தும் பார்த்தேன். அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்தால் அந்த வாடைதான் முதல் அறிகுறி, வந்தால் அதை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. படங்கள்? சில நன்றாகவே இருக்கின்றன. பல இல்லை. பத்திரிகைக்காரர் ஆகாதது பத்திரிகைகளுக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்று என்னால் இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

கொடுத்த அன்று பெட்டியில் கேமரா, லென்ஸ், மூடி, ஒரு உபரி எஸ்ஆர்44, புதுக் கழுத்துப்பட்டை இருந்தன. ஒரு அட்டையில் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். எடுக்காதபோது மூடியைப் போடு. 1/1000-ஐத் தொடாதே. ஃப்ளாஷ் போட்டால் 1/60-க்கு மேல் போகாதே. ஃபிலிம் போட்டதும் லீவரை இழுக்கும்போது இடது பக்கத்து ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார், சுற்றவில்லை என்றால் ஃபிலிம் மாட்டவில்லை, 36 படமும் எடுத்த சந்தோஷம் மட்டும்தான் மிஞ்சும்.

"ஆன்ட்டி, இது உங்களோடதா?" என்று கேட்டாள்.

"முன்னாடி."

அதற்கு மேல் சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவள் கேமராவைக் கண்ணில் வைத்து அப்பாவை நோக்கித் திருப்பிவிட்டாள், முள் ஏன் கீழேயே கிடக்கிறது என்று கேட்டாள். மூடியைக் கழற்று என்றேன்.

முதல் ரோல் கழுவி வந்ததும் ஸ்கேன்களை அனுப்பியிருந்தாள். வெளிச்சக் கசிவு எங்கேயும் இல்லை, ஃபோம் பிடித்திருக்கிறது. வரிசையாக நாலைந்து படங்களில் மட்டும் ஒரு ஓரம் கறுத்திருந்தது. 1/1000. அட்டையில் எழுதியிருந்தேனே என்றேன்.

"படிச்சேன் ஆன்ட்டி. எவ்வளவு தூரம் கறுக்குதுன்னு பார்க்கத்தான் எடுத்தேன். சுவத்துல அது நல்லாதான் இருக்கு."

திரையைச் சரிசெய்ய ஆள் விசாரித்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாமாம், வேண்டும்போது அவளே பார்த்துக்கொள்கிறாளாம்.